முப்பத்து மூன்று டிகிரியில் பிலோமி

மே 9

பிலோமி, இதை எழுதச் சொன்னது பர்வீன் சிஸ்டர். தீவிர சிகிச்சைப் பிரிவில் பகலெல்லாம் உன்னைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ்.

"அக்கா எந்திரிச்சு வந்ததும் நடுவுல என்ன நடந்துச்சுன்னே அவங்களுக்குத் தெரியாது சார். சில பேர் அதை நெனச்சு நெனச்சே பயந்துக்குவாங்க. நீங்க தெனம் எழுதி வைங்க. பின்னால படிச்சுக் காட்டலாம்" என்றார்.

எந்திரிச்சு வந்ததும் என்று அவர் சொன்ன வேகத்தில் கடைக்கு ஓடி இந்த டைரியை வாங்கினேன். மே மாதத்தில் யார் டைரி வைத்திருப்பான்? போன வருஷத்து டைரியைக் கடைக்காரன் தூசி தட்டிக் கொடுத்தான். ஆகவே கிழமை எதுவும் பொருந்தாது. நீ தேதியை மட்டும் பார்.

நடந்தது இதுதான். நேற்று முன்தினம் காலைப் பூசைக்கு ஸ்கூட்டியில் கிளம்பினாய். ஹெல்மெட் உன் தலையில் இல்லை, வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. பூ கசங்கிவிடுமாம். பாலக்கரையில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள், வெள்ளைக்கோடு கூட அடிக்காமல். பின்னால் வந்த பால் வண்டிக்காரர்தான் உன்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். அன்று மத்தியானமே ஆபரேஷன் செய்து, மண்டைக்குள் உறைந்திருந்த ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். முடியையும் எடுத்துவிட்டார்கள். அதற்காக என்னிடம் சண்டைக்கு வராதே, என்னைக் கேட்டுக்கொண்டு எடுக்கவில்லை.

இப்போது மூளை வீங்கியிருக்கிறது. மண்டைக்குள் எவ்வளவு அழுத்தம் என்று காட்ட ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டிருக்கிறார்கள். திரையில் எண் ஓடுகிறது. இருபதுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். இல்லை.

அக்னி நட்சத்திரம் ஊரைப் பொரித்து எடுக்கிறது. என் போன் நிற்கவே இல்லை. ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது, பிரிட்ஜ் கூலிங் வரவில்லை, உடனே வாங்கண்ணே. எல்லாருக்கும் செல்வராசுவை அனுப்பிவிட்டேன். கடையை அவன்தான் பார்க்கிறான். நீ இருந்திருந்தால் நீ பார்த்திருப்பாய்.

மே 10

டாக்டர் மைதிலி கூப்பிட்டுப் பேசினார். மெல்லிய குரல், சுற்றிவளைக்காத பேச்சு.

"பிரஷர் எறங்க மாட்டேங்குது சார். மருந்தெல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. ஆழமான மயக்கத்துலதான் வச்சிருக்கோம். இனிமே அவங்க உடம்பைக் குளிர வைக்கலாம்னு இருக்கோம்."

"ஏசியைக் கூட்டணுமா மேடம்? நான் அந்த லைன்தான்."

"ரூமை இல்ல சார். உடம்பை. முப்பத்தேழுல இருந்து முப்பத்து மூணுக்கு."

அவர் பொறுமையாகச் சொன்னார். அடிபட்ட மூளை ஓயாமல் தீனி கேட்டுக்கொண்டே இருக்குமாம், ரத்தமும் பிராணவாயுவும். கேட்கக் கேட்க வீக்கம் கூடும். குளிரில் அந்தப் பசி அடங்கும், வீக்கமும் அடங்க வழி உண்டு.

"இது எல்லாருக்கும் பலன் தரும்னு சொல்ல மாட்டேன். பெரிய ஆராய்ச்சியெல்லாம் பண்ணிப் பாத்துட்டாங்க, ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல. சளி கட்டலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆனா வேற எதுவும் கேக்காதப்ப பிரஷரைக் குறைக்க இது ஒரு வழி."

பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டேன். ஓர் எண் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். கணக்கில் நீ புலி, எழுதினால் பிடித்துக்கொள்வாய்.

கையெழுத்துப் போட்டேன். பிரிட்ஜ், ஏசி மெக்கானிக் என்று மட்டும்தான் டாக்டரிடம் சொல்லிக்கொண்டேன். ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவன் என்று சொல்லவில்லை. இருபது வருஷமாக நம் வீட்டில் பாதிச் சோறு அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தது. ஊரில் ஒரு மூச்சு நின்றால் எனக்குப் போன் வரும். கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு போய், பிளக்கைச் சொருகி, மாலையோடு உள்ளே படுக்க வைத்துவிட்டு வருவேன். எனக்குத் தெரிந்த குளிர் அதுதான். மனுஷ உடம்பு சில்லிட்ட பிறகுதான் என் வேலையே ஆரம்பம். உயிரோடு ஒருவரைச் சில்லிட வைப்பதை இந்தக் கைகள் கண்டதில்லை.

உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "புதுசா ஒரு டிரீட்மெண்ட் பண்றாங்க மச்சான்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஐஸ் பெட்டிக்காரன் வாயிலிருந்து குளிர் என்ற சொல் வந்தால் அருளப்பன் மச்சான் என்ன நினைப்பார் என்று உனக்குத் தெரியாதா?

மே 10, மாலை

ஆரம்பித்துவிட்டார்கள். நெஞ்சைச் சுற்றி ஒரு உறை, தொடையைச் சுற்றி ஒரு உறை. உறைக்குள் வரிவரியாகத் தண்ணீர் ஓடுகிறது. கட்டிலருகே ஒரு இயந்திரம், அதிலிருந்து குழாய்கள். சத்தத்தை வைத்தே சொல்கிறேன், நல்ல கம்பிரசர்.

முப்பத்தாறு வந்தபோது உனக்கு நடுக்கம் எடுத்தது. நீ ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தாய், கூப்பிட்டால் கேட்காது, கிள்ளினால் தெரியாது. ஆனாலும் தாடை தந்தியடித்தது, தோள் உதறியது. பயந்து சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"அது நல்லதுக்குத்தான் சார் பண்ணுது. சூடு போகுதுன்னு தெரிஞ்சதும் உடம்பு தானா சூட்டை உண்டாக்கப் பாக்குது. நாமதான் அதைத் தடுக்கணும்" என்று ஊசி போட்டார்.

நீ இல்லாதபோதும் உன் உடம்பு உனக்காகச் சண்டை போட்டது பிலோமி. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, யாரும் ஏவவில்லை. நான் கைகட்டி நின்று பார்த்தேன். பூசையில் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற நற்கருணை எழுந்தேற்றத்தின்போது நிற்பதுபோல நின்றேன் என்றால் சாமியார் கோபித்துக்கொள்வாரோ என்னவோ.

மே 11

முப்பத்து மூன்று.

இதயம் நிமிஷத்துக்கு ஐம்பதுக்கும் கீழே. உதடு வெளுத்திருக்கிறது. கையைத் தொட்டேன். எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் பின்னால் படித்துக்காட்ட வேண்டிய கணக்காயிற்றே, எழுதுகிறேன். பெட்டிக்குள் வைக்கும்போது என் கையில் படுகிற கை போலவே இருந்தது. வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஏசிக் காற்று எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, கண்ணில் நீர் வருகிறது.

பிறகு திரும்பிப் போனேன். தொழில்காரன் கை சும்மா இருக்குமா? "குழாயைத் தொட்டுப் பாக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டேன். "மடக்கிடாம தொடுங்க" என்றார். எந்த மெஷினைக் கண்டாலும் போகிற குழாயையும் வருகிற குழாயையும் விரலால் பார்ப்பது என் பழக்கம். உறைக்குள் போகிற குழாய் ஜில்லென்று இருந்தது. உன் உடம்பைச் சுற்றிவிட்டு வெளியே வருகிற குழாயில் அவ்வளவு குளிர் இல்லை. கொஞ்சம்தான் வித்தியாசம். ஆனால் இருந்தது.

அது நீ. அந்தத் தண்ணீரைச் சுட வைத்தது நீ. அசையாமல், பேசாமல், கண் திறக்காமல் படுத்துக்கொண்டு, ஒரு கம்பிரசரோடு மல்லுக்கு நின்று, அது எடுக்க எடுக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு இது தோன்றியதே இல்லை. வெளியே நாற்பத்திரண்டு டிகிரி வெயில் அடித்தாலும் நமக்குள் முப்பத்தேழு. கொடைக்கானலுக்குப் போனோமே, அந்த டிசம்பர் குளிரிலும் முப்பத்தேழு. தெர்மோஸ்டாட் மாற்றியதில்லை, கேஸ் நிரப்பியதில்லை, சர்வீசுக்கு ஒருவன் வந்ததில்லை. பிறந்த நிமிஷத்திலிருந்து ஓடுகிறது. நான் போன வருஷம் போட்ட ஏசி இந்த வருஷம் ஒழுகுகிறது. என் தொழிலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உன்னை நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது.

அழுத்தம் பதினெட்டு. இருபதுக்குக் கீழே வந்துவிட்டது.

மே 12

இன்று நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நடுவில் சிரித்துவிடாதே. நான் இன்னும் சிரிக்கவில்லை.

பார்வையாளர் நேரத்தில் மச்சான் ஊரிலிருந்து வந்தார். ஒருவர்தான் உள்ளே போகலாம். அவர் போகட்டும் என்று நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். பர்வீன் சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் ஏதோ அவசரத்தில் இருந்திருக்கிறார். மச்சான் வழக்கம்போல உன் காலைத் தொட்டார். அந்த மனுஷன் யாரைப் பார்க்கப் போனாலும் காலைத்தானே தொட்டுப் பார்ப்பார். கால் சில்லிட்டால் ஆள் முடிந்தது என்பது உங்கள் வீட்டுச் சட்டம். உன் அப்பாவுக்கும் அப்படிப் பார்த்துத்தான் முதலில் சொன்னார்.

நான் மேலே வந்தபோது மச்சானைக் காணோம். அவரும் டீக்குப் போயிருப்பார் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். அரை மணி கழித்துப் போன்.

"அண்ணே, ஐஸ் பெட்டிக்கு இந்த நம்பருதானே?"

"ஆமா, சொல்லுங்க."

"லால்குடிப் பக்கம் வரணும்ணே. டவுன் ஆஸ்பத்திரில ஒரு லேடீஸ் தவறிட்டாங்க. பாடி சாயங்காலம் வந்துரும். நல்ல பெட்டியாக் குடுங்க, அந்த வீட்டுப் பெரியவரு செலவைப் பாக்க வேண்டாம்னுட்டாரு."

வாய் தன்பாட்டுக்குக் கேட்டது. கை தன்பாட்டுக்குச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் எழுதியது. இருபது வருஷப் பழக்கம்.

"எந்தத் தெரு? யார் வீடு?"

"கோயில் தெரு, அருளப்பன் வீடு. அவரு தங்கச்சி. பேரு பிலோமினா."

பிலோமினா என்று எழுதி முடித்த பிறகுதான் என் கை நின்றது.

எப்படி உள்ளே ஓடினேன் என்று தெரியாது. செருப்போடு ஓடினேன், சிஸ்டர் சத்தம் போட்டார். திரையைப் பார்த்தேன். முப்பத்து மூன்று. இதயம் நாற்பத்தெட்டு. பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வருகிற குழாயைப் பிடித்தேன். நீ அங்கேயேதான் இருந்தாய்.

மச்சானுக்குப் போன் மேல் போன் போட்டேன், அவர் எடுக்கவில்லை. அதற்குள் உங்கள் ஊர்க் கோயிலில் துக்க மணி அடித்துவிட்டார்கள். உன் பெயர் சொல்லி ஜெபமாலை ஆரம்பித்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்தாயிற்று, அதன் படம் வாட்சப்பில் எனக்கே வந்தது. போட்டோ நன்றாகத்தான் இருக்கிறது, பட்டுப்புடவையில் பளிச்சென்று சிரிக்கிறாய். கீழே வருந்தும் கணவர் என்று என் பெயர். தனிஸ்லாஸ் என்று முதல் தடவையாக ஒரு போஸ்டரில் பிழையில்லாமல் போட்டிருந்தார்கள்.

மாலையில் ஒரு வேன் நிறைய ஆட்கள். முன்னால் மச்சான், கண்கள் ரத்தச் சிவப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"என் தங்கச்சி செத்து ஐஸாக் கெடக்கா. மூச்சுக்கு மெஷின மாட்டி ஓட்டுறாங்க, நீயும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க! ஒன் தொழில் புத்தி போகுமாடா? உயிரோட இருக்கும்போதே ஐஸுல வச்சிட்டியேடா!"

மாப்ள என்பதைத் தவிர அவர் என்னை வேறு எப்படியும் அழைத்ததில்லை. இன்று டா.

டாக்டர் மைதிலி வெளியே வந்து, சிகிச்சை என்று விளக்கினார். மச்சான் கேட்கவில்லை. "நீங்க அப்படித்தான் சொல்வீங்க. மெஷின நிறுத்துங்க. பிள்ளைய எங்க கைல குடுங்க, மண்ணுக்காவது மரியாதையா அனுப்புறோம்." பின்னால் பெண்கள் ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள். பிறந்த வீட்டுச் சீர் என்று யாரோ ஒரு சேலைகூடக் கொண்டுவந்திருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை பிலோமி, பயம்தான் வந்தது. அவர் சொல்வதுபோல இருந்துவிட்டால்? நான் வெறும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தால்?

"மச்சான், வாங்க" என்று கையைப் பிடித்தேன். டாக்டர் ஒரு கணம் யோசித்துவிட்டு வழிவிட்டார். கட்டிலுக்கு அழைத்துப் போய், போகிற குழாயின் மேல் அவர் விரலை வைத்தேன். பிறகு வருகிற குழாயின் மேல்.

"ரெண்டும் ஒண்ணா மச்சான்?"

விரலை மாற்றி மாற்றி வைத்தார். வயலில் மண்ணை ஈரம் பார்க்கிற விரல் அது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இது... கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு."

"அது பிலோமி சூடு. இருபது வருஷமா எத்தனை பேரைப் பெட்டியில படுக்க வச்சிருக்கேன். ஒருத்தர்கூட ஒரு டிகிரி எனக்குத் திருப்பிக் குடுத்ததில்ல மச்சான். செத்தவங்களுக்குத் தண்ணிய சூடாக்கத் தெரியாது."

மச்சான் அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு அடி ஆள் பிலோமி. "பாப்பா, பாப்பா" என்று குழந்தை மாதிரி அழுதார்.

வெளியே வரும்போது டாக்டர் என்னைப் பார்த்தார். "ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடுறவரா நீங்க? சொல்லவே இல்லையே."

"சொன்னா நீங்க பயந்துருவீங்கன்னு நெனச்சேன் மேடம்."

மே 13

மச்சான் ஊருக்குப் போகவில்லை. பெஞ்சில் ஒரு ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் நான். செத்ததாகப் பேச்சு வந்தவர்களுக்கு ஆயுசு கெட்டி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். சட்டையைப் பிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இட்லி வாங்கி வந்து என் பக்கம் தள்ளினார். தின்றேன்.

மே 14

சூடேற்ற ஆரம்பிக்கிறார்கள்.

இதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மெஷினை அணைத்தால் பிரிட்ஜ் தானாகச் சூடாகிறது, அவ்வளவுதானே? டாக்டரிடம் சொல்லியும்விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"குளிர வைக்கிறதைவிட இதுதான் சார் ஆபத்து. அவசரப்பட்டா வீக்கம் முன்னவிட வேகமாத் திரும்பும். ஒரு டிகிரிக்குப் பாதி நாள் ஆனாலும் பரவாயில்ல."

ஆக, குளிரவைக்கிற அதே மெஷின்தான் இப்போது உன்னைச் சீக்கிரம் சூடாகவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்று நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய், நான் ஸ்பேனரைத் தேடும்போது. இங்கே அந்தப் பழமொழிக்கு ஒரு மெஷினே செய்து வைத்திருக்கிறார்கள்.

மே 14, மாலை

முப்பத்து நான்கைத் தாண்டியதும் அழுத்தம் ஏறியது. இருபத்திரண்டு. இருபத்தைந்து. சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டார், எங்களை வெளியே அனுப்பினார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாருடைய முதுகும்தான் தெரிந்தது. மச்சான் ஜெபமாலை உருட்டினார். நான் உருட்டவில்லை. எனக்கு ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை, பிலோமி பிலோமி என்பதைத் தவிர.

மறுபடி முப்பத்து மூன்றரைக்கு இறக்கினார்கள். அழுத்தம் இறங்கியது.

மே 15

அங்கேயே நில் என்று வைத்திருக்கிறார்கள். நிற்கிறாய். கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறாய்.

மே 16

முப்பத்தைந்து. அழுத்தம் பதினாறு.

எனக்கு இப்போதெல்லாம் அந்தத் திரையைப் பார்ப்பதே வேலை. பத்தில் ஒரு பங்கு ஏறும், பிறகு வெகுநேரம் அப்படியே இருக்கும், பிறகு இன்னொரு பங்கு. வெளியே எல்லாரும் வெயிலைச் சபித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு ஆளுக்குள் ஒரு புள்ளி சூடு ஏறுவதற்காகக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மே 17

முப்பத்தேழு!

மச்சான் உள்ளே போய்க் காலைத் தொட்டுவிட்டு வந்தார். "சுடுது மாப்ள" என்றார். மாப்ள.

மயக்க மருந்தை நிறுத்திவிட்டார்கள். இனி நீ எழ வேண்டியதுதான்.

மே 18

எழவில்லை.

மே 20

இன்றும் இல்லை. மூச்சுக்குழாய் வாயில் நெடுநாள் இருக்கக்கூடாது என்று தொண்டையில் சின்னத் துளை போட்டு, அதன் வழியாகக் குழாய் வைத்திருக்கிறார்கள். அழுத்தம் நன்றாக இருக்கிறது, சூடு நன்றாக இருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது. நீ மட்டும் வரவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். "மூளையைக் காப்பாத்த எங்களால முடிஞ்சதைச் செஞ்சாச்சு. எந்திரிக்கிறது அவங்க கைல இருக்கு. எப்போ, எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. சில பேர் கண்ணைத் தெறப்பாங்க, ஆனா ஆளை அடையாளம் தெரியாது. அதுக்கும் நீங்க தயாரா இருக்கணும்."

தயாராக இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மச்சான் பைக்கை எடுத்துக்கொண்டு போய் ஊரிலிருந்து பாலக்கரை வரை போஸ்டர்களைக் கிழித்துவிட்டு வந்தார், நகக்கண்ணெல்லாம் பசை. நம் கடைச் சுவரில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார் போலிருக்கிறது, குளிக்க வீட்டுக்குப் போகும்போது பார்த்தேன். அதன் எதிரில் நின்றேன். செல்வராசு வந்து, "அண்ணே, கிழிச்சுரவா?" என்றான். உன் முகம் இருக்கிற காகிதத்தைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த எழுத்தோடு அதை விட்டுவைக்கவும் முடியவில்லை. போட்டோவைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டு, மீதியை அவன் கிழித்தான்.

வீட்டில் உன் பக்கத்துத் தலையணை உறையை மாற்றவில்லை. மாற்றாமல் விட்டதற்கு ஒரு காரணமும் இல்லை, நேரம் இல்லை.

மே 21

நமக்குப் பிள்ளை இல்லை என்பதை நான் ஒரு குறையாகச் சொன்னதில்லை, நீதான் சொல்வாய். இன்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து நினைத்தேன். எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய். நேருக்கு நேர் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதிவிட்டேன். படித்துவிட்டுக் கிண்டல் செய்துகொள்.

மே 23

தெரிந்த குரல்கள் காதில் விழட்டும் என்று இப்போது இரண்டு பேரையும் சேர்த்தே உள்ளே விடுகிறார்கள். பேசச் சொன்னால் என்ன பேசுவது? நானும் மச்சானும் கட்டிலுக்கு இந்தப்பக்கம் ஒருவர், அந்தப்பக்கம் ஒருவர். போஸ்டரில் போட்ட உன் போட்டோவைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அது ஸ்டீபன் கல்யாணத்துல எடுத்தது மாப்ள."

"இல்ல மச்சான், தேர்த்திருவிழால எடுத்தது. ஸ்டீபன் கல்யாணத்துக்கு இவ பச்சைப் புடவைல்ல கட்டினா?"

"பச்சை எம் பொண்டாட்டி. நீங்க யாரைப் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"மச்சான், என் பொண்டாட்டி என்ன கட்டினான்னு எனக்குத் தெரியாதா?"

குரல் ஏறிவிட்டது. சிஸ்டர் எங்களை அதட்ட வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பினோம்.

கண் திறந்திருந்தது. பாதிதான். என்னைப் பார்க்கவில்லை, உத்தரத்தைப் பார்த்தாய். பிறகு அந்தக் கண் மெல்ல, மெல்ல மச்சான் பக்கம் போனது. அங்கே இருந்தது. பிறகு என் பக்கம் வந்தது. வந்து நின்றது.

நான் இதுவரை அற்புதம், புதுமை எதையும் பார்த்ததில்லை. வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் போயிருக்கிறோம், நீ அழுவாய், நான் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்பேன். இன்று ஒரு கண் நகர்ந்ததைப் பார்த்தேன். ஒரு நூல் தூரம்தான் நகர்ந்திருக்கும். கட்டிலருகே முழந்தாளிட்டேன்.

டாக்டர் வந்து, விரலைப் பிடிக்கச் சொன்னார். வலது கையால் பிடித்தாய். இடது கை வரவில்லை. "வலதுக்கே சந்தோஷப்படுவோம்" என்றார்.

எங்களை உனக்கு அடையாளம் தெரிகிறதா என்று கேட்டேன். கண்களை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றார்.

மே 27

தினமும் கொஞ்ச நேரம் விழித்திருக்கிறாய். பார்க்கிறாய். சிரிக்கவில்லை. நான் தனிஸ் என்று சொன்னேன். ஒரு புது வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய்.

மே 30

காய்ச்சல் வந்து இரண்டு நாள் பயமுறுத்தினாய். சளி. இப்போது பரவாயில்லை. மூச்சை மெஷின் இல்லாமல் நீயே விடுகிறாய். இடது கால் கட்டைவிரல் அசைந்தது என்று மச்சான் சாதிக்கிறார். நான் பார்க்கவில்லை.

உனக்கு என்னைத் தெரியாமலே இருந்தாலும் பரவாயில்லை என்று நேற்று நினைத்துக்கொண்டேன். இன்று அது பொய் என்று தெரிந்தது. பரவாயில்லை என்று என்னால் இருக்க முடியாது.

ஜூன் 4

இன்று தொண்டைக் குழாய்க்கு ஒரு சின்ன மூடி போட்டார்கள். அதைப் போட்டால் காற்று குரல்வளை வழியாக வருமாம், பேச முடியுமாம், பேசத் தெரிந்தால்.

பேசத் தெரிந்தால். இந்த இரண்டு வார்த்தை காலையிலிருந்து என் தலைக்குள் கம்பிரசர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர், பர்வீன் சிஸ்டர், நான், மச்சான், அவர் சம்சாரம். எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். உன்னைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மூடியைப் போட்டதும் இருமினாய். இருமலில் குரல் கேட்டது. உன் குரல்! அதைக் கேட்டதும் மச்சான் சம்சாரம் விசும்ப ஆரம்பித்தார். அவரைப் பார்த்து மச்சான் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். என் முகம் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது. ஏசிக் காற்று என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

"பிலோமினா, இங்க யாராச்சும் உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

நீ ஒவ்வொருவராகப் பார்த்தாய். மச்சான் சம்சாரம் அழுவதைப் பார்த்தாய். மச்சான் துண்டைப் பார்த்தாய். கடைசியில் என்னைப் பார்த்தாய், ரொம்ப நேரம். உதடு அசைந்தது. கரகரவென்று, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, என்னிடம் கேட்டாய்:

"ஏங்க... யாரு செத்தா?"

பர்வீன் சிஸ்டர் பதறிவிட்டார். அவருக்குத் தெரியாது. பெட்டிக்காரன் பெண்டாட்டி நீ. போன் பேசிவிட்டு நான் முகம் வாடி உள்ளே வந்தால், இருபது வருஷமாக நம் வீட்டில் நீ கேட்கிற முதல் கேள்வி அதுதான். அதை இந்த உலகத்தில் நீ என் ஒருவனிடம்தான் கேட்பாய்.

"யாரும் சாகலடி" என்றேன்.

நீ நம்பவில்லை. நான் சொன்னதை என்றைக்கு நம்பினாய்? அண்ணன் பக்கம் திரும்பினாய். மச்சான் துண்டை எடுத்துவிட்டுக் குனிந்து, உன் காதருகில் சொன்னார்.

"நெஜமாத்தான் பாப்பா. யாரும் சாகல. நாந்தான் அவசரப்பட்டுத் தப்பாச் சொல்லிட்டேன்."

சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு நீ தூங்கிப்போனாய். மருந்து எதுவும் இல்லை, சாதாரணத் தூக்கம்.